தலைமேல் வைத்த கைகள்

சபையை ஆளும் உரிமை யாருக்கு உண்டு, அந்த உரிமையை ஒருவருக்கு வழங்கும் அதிகாரம் யாரிடத்தில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளும், சீர்திருத்தக் காலத்துக்குப் பின் தோன்றிய கிறிஸ்தவ சபைகளை, மோட்சத்தையும் நரகத்தையும் பற்றிய கேள்விகள் பிரித்ததைவிட அதிகமாகவே பிரித்து வைத்தன. அத்தியட்சர் ஒருவர் இருந்து, தமக்கு முன்னிருந்த அத்தியட்சர்களின் கைவழியாகத் தமக்கு வந்த பட்டத்தைப் பிறருக்கு அளித்து, ஒரு பிரதேசத்தின் சபைகளையெல்லாம் மேய்ப்பதே முறை என்றது இங்கிலாந்துத் திருச்சபை. அத்தியட்சர் என்று தனியே ஒருவர் வேண்டியதில்லை, போதகரும் மூப்பரும் சமமாகக் கூடுகிற சங்கமே சபையின் தலைமை என்றது ஸ்காத்லாந்து. ஓரிடத்தில் கூடும் விசுவாசிகளே பூரணமான சபை, தங்கள் போதகரை அவர்களே தெரிந்தெடுத்து அவர்களே நியமிக்கலாம், வெளியிலிருந்து ஒருவரும் ஆணையிட வேண்டியதில்லை என்றார்கள் காங்கிரிகேஷனல் சபையார். மூவரும் ஆதாரம் காட்டியது ஒரே வேதாகமத்திலிருந்து. ஐரோப்பாவில் எழுந்த இந்த வழக்கு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து, தரங்கம்பாடியிலும் பாளையங்கோட்டையிலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விசாரணையில் இருந்து, 1947-இல் சென்னையில் ஒருவாறு சமரசத்துக்கு வந்த வரலாறு, கிறிஸ்தவர் அல்லாதாருக்கும் படிக்கச் சுவையுள்ளது என்றே நான் கருதுகிறேன்.

வேதத்தைத் திறந்து பார்த்தால் மூவருக்கும் சாட்சி கிடைக்கிறது என்பதுதான் இதில் விசேஷம். எருசலேமில் விதவைகளுக்கு அன்றாடம் ஆகாரம் பகிர்ந்ததில் பட்சபாதம் நடக்கிறதென்று முறுமுறுப்பு உண்டானபோது, ஸ்தேவான் முதலிய ஏழு பேரைத் தெரிந்தெடுத்தவர்கள் சபையார். அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தவர்கள் அப்போஸ்தலர். தெரிந்தெடுத்ததைச் சுட்டிக் காங்கிரிகேஷனல் சபையார் ஒரு பக்கமும், கைவைத்ததைச் சுட்டி அத்தியட்சர் கட்சியார் மறுபக்கமும் நிற்பார்கள். பவுல் மிலேத்துவிலிருந்து ஆளனுப்பி எபேசு சபையின் மூப்பர்களை வரவழைத்து, கண்ணீரோடு விடைபெறும் இடத்தில், அந்த மூப்பர்களையே கண்காணிகள், அதாவது அத்தியட்சர்கள், என்றும் சொல்லுகிறார். ஆகவே மூப்பரும் கண்காணியும் ஒருவரே, ஒருவருக்குமேல் ஒருவர் இல்லை என்று ஸ்காத்லாந்து வழியாரான பிரஸ்பிட்டேரியர் வாதிப்பார்கள். அதற்கு மறுமொழியாக, எருசலேம் ஆலோசனைச் சங்கத்தில் எல்லாரும் பேசி ஓய்ந்தபின் தீர்ப்புச் சொன்னவர் யாக்கோபு ஒருவரல்லவா, கிரேத்தா தீவில் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தும்படி தீத்து ஒருவனையல்லவா பவுல் நிறுத்திவிட்டுப் போனார் என்று எதிர்க்கட்சியார் கேட்பார்கள். எல்லாவற்றையும்விட வேடிக்கையானது தீமோத்தேயுவின் காரியம். அவனுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், மூப்பர் சங்கத்தார் அவன்மேல் கைகளை வைத்ததாக இருக்கிறது; இரண்டாம் நிருபத்தில், பவுல் தாமே தம்முடைய கைகளை வைத்ததாக இருக்கிறது. ஒரே வாலிபனுடைய ஒரே தலையைப் பற்றி இரண்டு பெரிய சபைகள் முந்நூறு ஆண்டு வழக்காடின.

அப்போஸ்தலர் காலத்துச் சபைகள் எழுதிவைத்த சட்டம் ஒன்றைக் கொண்டு நடக்கவில்லை என்பதும், யூதருடைய ஜெபாலயங்களில் மூப்பர் இருந்த வழக்கத்தை அவை எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் தேவைக்கேற்ப அதை வளர்த்துக்கொண்டன என்பதும், நிருபங்களை முன்முடிவின்றிப் படிக்கிற எவருக்கும் தோன்றும். அந்தியோகியா சபையில் தீர்க்கதரிசிகளும் போதகர்களும் முன்நின்றார்கள். பிலிப்பி சபைக்கு எழுதும்போது கண்காணிகளையும் உதவிக்காரரையும் பவுல் பன்மையில் வாழ்த்துகிறார். கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டு நீண்ட நிருபங்களிலோ மூப்பர் என்ற பேச்சே இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமாபுரியில் கொல்லப்படும்படி காவலோடு கொண்டுபோகப்பட்ட அந்தியோகியா இக்னாசியுஸ், வழியில் எழுதிய கடிதங்களில், ஒரு பட்டணத்துக்கு ஒரே கண்காணி, அவரைச் சூழ மூப்பர், அவர்களுக்குத் துணையாக உதவிக்காரர் என்னும் மூவகை வரிசையை வற்புறுத்துகிறார். ஆனால் அந்த ஏழு கடிதங்களில் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், அந்தச் சபையின் கண்காணியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டுக்குள் அவருடைய வரிசையே எங்கும் வழக்கமாகிவிட்டது என்றாலும், ஆதியில் மூப்பரும் கண்காணியும் ஒன்றே என்றும், பிரிவினைகளை அடக்குவதற்காகவே மூப்பரில் ஒருவர் மேலே உயர்த்தப்பட்டார் என்றும் ஜெரோம் என்ற மகா பண்டிதர் எழுதி வைத்தார். ஜெனீவாவில் 1541-இல் போதகர், உபாத்தியாயர், மூப்பர், உதவிக்காரர் என நான்கு ஊழியங்களைச் சட்டமாக்கிய கால்வின் வழியாரும், ஸ்காத்லாந்தில் அவரைப் பின்பற்றியவர்களும் அந்த வாக்கியங்களைத் தங்கள் கோட்டையாகக் கொண்டார்கள். மூப்பர் சங்கத்திலிருந்தே அத்தியட்சர் பதவி வளர்ந்தது என்று 1868-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் நிறுவிய லைட்பூட், பின்னால் இங்கிலாந்தில் டர்ஹாம் அத்தியட்சராகவே அமர்ந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இனி நம் கரைக்கு வருவோம். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் டென்மார்க் அரசனால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் லுத்தரன் சபையார். அவர்கள் பட்டம் அத்தியட்சர் பரம்பரையைப் பொறுத்ததன்று. அவர்கள் வழிவந்த மிஷனெரிமார், கடலூரில் சைவக் குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராகப் பல ஆண்டு உழைத்த ஆரோனை, 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி, தங்கள் கைகளை அவர் தலைமேல் வைத்துக் குருவாக்கினார்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. இந்தக் காரியத்தில் ஓர் அத்தியட்சரும் பங்குகொள்ளவில்லை. அந்தக் குறையைப் பற்றி மாயவரத்துக் கிராமங்களில் அவரிடம் நற்கருணை பெற்ற ஜனங்கள் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதைவிட விசித்திரம், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம், இந்தியாவுக்கு வரத் தன் சொந்தக் குருமார் கிடைக்காமையால், சென்னையிலும் கடலூரிலும் திருச்சியிலும் தஞ்சையிலும் லுத்தரன் மிஷனெரிகளையே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. தஞ்சைச் சரபோஜி மன்னர் தந்தையென மதித்த சுவார்த்சு ஐயரும் அப்படிப்பட்டவரே. அத்தியட்சர் பரம்பரையில் பட்டம் பெறாத அவர்கள் ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுத்ததை, இங்கிலாந்தில் அத்தியட்சர்கள் நூறாண்டளவும் அறிந்தே அனுமதித்திருந்தார்கள். தேவை இருந்தபோது தத்துவம் உறங்கிற்று.

1814-இல் கல்கத்தாவுக்கு முதல் அத்தியட்சர் வந்தபின் அது விழித்துக்கொண்டது. வட இந்தியாவில் அப்துல் மசீ என்ற பக்தர், 1820-இல் லுத்தரன் முறைப்படி பட்டம் பெற்று ஊழியம் செய்துகொண்டிருந்தவர், 1825-இல் கல்கத்தா அத்தியட்சர் ஹீபரிடம் மீண்டும் பட்டம் பெற வேண்டியிருந்தது. ஐந்து வருஷம் அவர் செய்த ஊழியத்தை அந்த இரண்டாம் பட்டம் என்னவாக்கியது என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

தென்னாட்டில் இந்த வழக்கு உடைந்து வெளிப்பட்டது ரேனியுஸ் ஐயர் விஷயத்தில். பிரஷ்ய தேசத்தில் 1790-இல் பிறந்து, லுத்தரன் பட்டம் பெற்று, ஆங்கிலேயருடைய சர்ச் மிஷனெரி சங்கத்தால் அனுப்பப்பட்டு, 1820-இல் பாளையங்கோட்டையில் குடியேறிய அவர், திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாகச் சபைகளை உண்டாக்கி, உபதேசியார்களைப் பழக்கி, பள்ளிகளை நிறுவி, தமிழில் இலக்கணமும் எழுதி, வேதாகம மொழிபெயர்ப்பையும் திருத்தி, இத்தனைக்கும் நடுவே கிறிஸ்தவக் குடிகளுக்கு நிலம் வாங்கி ஊர் அமைக்கத் தரும சங்கம் ஒன்றையும் நடத்தியவர். சபைகள் பெருகப் பெருக, பட்டம் பெற்ற கைகள் போதவில்லை. தம்மிடம் பழகிய உபதேசியார்களில் தேறியவர்களுக்குப் பட்டம் கொடுக்கவேண்டுமென்று அவர் கேட்டார், சங்கத்தாரும் இசைந்தார்கள், ஆனால் அத்தியட்சர் கையால், இங்கிலாந்துத் திருச்சபையின் பிரமாணங்களுக்குக் கையெழுத்திட்டே பட்டம் பெறவேண்டும் என்றார்கள். மூப்பர் மூப்பருக்குப் பட்டம் கொடுப்பது வேதத்துக்கு இசைந்ததே, நாங்களே கைகளை வைப்போம் என்றார் ரேனியுஸ். அத்தியட்சர் கைபடாத தம்மை இருபது ஆண்டு குருவாக வைத்திருந்த சங்கம், தம் கையால் மற்றொருவர் குருவாவதை மட்டும் ஏன் மறுக்கவேண்டும் என்ற அவருடைய கேள்விக்கு நேரான விடை இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பைக் கண்டித்து அவர் ஒரு விமரிசனத்தையும் அச்சிட்டபின், 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் ஆர்க்காட்டுப் பக்கம் போனார். திருநெல்வேலிச் சபைகளில் பல அவரைத் திரும்ப வரும்படி வருந்தி அழைக்க, அந்த ஆண்டிலேயே திரும்பி வந்தார். ஒரே ஊரில் சங்கத்துச் சபை என்றும் ரேனியுஸ் சபை என்றும் இரண்டுபட்டு நின்ற துயரம் 1838 ஜூன் மாதத்தில் அவர் இறக்கும்வரை தீரவில்லை. இறந்தபின் அவருடைய கட்சியார் பெரும்பாலும் சங்கத்தோடு திரும்பச் சேர்ந்தார்கள். அவர் பக்கம் நியாயம் அதிகம் என்பது என் துணிபு. ஆயினும் சபைகளை இரண்டாக்கிய பொறுப்பிலிருந்து அவரை முழுவதும் விடுவிக்கவும் மனம் வரவில்லை.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நாம் அறிந்த கால்டுவெல்லும், அத்தியட்சரை ஏற்பவர் ஏற்காதவர் என்னும் இந்த எல்லையைக் கடந்தவரே. 1838-இல் லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியராகச் சென்னைக்கு வந்து, பிறகு இங்கிலாந்துத் திருச்சபையைத் தழுவி, 1841-இல் அத்தியட்சர் கையால் பட்டம் பெற்று இடையன்குடிக்கு நடந்து போனார். 1877-இல் அவருக்கும், மற்றொரு சங்கத்து மிஷனெரியான சார்ஜெண்டு ஐயருக்கும் ஒரே நாளில் கல்கத்தாவில் அத்தியட்சர் அபிஷேகம் நடந்தது. இருவரும் திருநெல்வேலிக்கே உதவி அத்தியட்சர்கள். ஒரு ஜில்லாவுக்கு இரண்டு அத்தியட்சர்கள் எதற்கு என்றால், அங்கே இரண்டு மிஷன் சங்கங்கள் இருந்தன, அவ்வளவுதான். ஒரு பட்டணத்துக்கு ஒரு கண்காணி என்ற இக்னாசியுஸ் இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

இந்த வாதங்களெல்லாம் பட்டம் பெற்றவர்களைப் பற்றியவை. கிராமத்துச் சபையை உள்ளபடி நடத்தியவரோ பட்டம் பெறாத உபதேசியார். காலையிலும் மாலையிலும் மணியடித்து ஜெபம் நடத்துகிறவர் அவர். பகலில் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் அவருடையது. வியாதிப்பட்டவன் வீட்டுக்கும், சாவு வீட்டுக்கும், பங்காளிச் சண்டை நடக்கிற வீட்டுக்கும் முதலில் போகிறவர் அவர். தாசில்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பவரும் அவரே. குருவானவர் தம் சேகரத்துக் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு எப்போதோ ஒரு முறை வந்து ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுத்துப் போவார். மேய்ப்பனுடைய வேலை ஒருவரிடமும் மேய்ப்பனுடைய பட்டம் மற்றொருவரிடமும் இருந்த இந்த ஏற்பாடு, எந்த நிருபத்திலும் காணப்படாதது. அந்த உபதேசியாருக்குத் துணையாக ஊர்ப் பெரியவர்கள் சிலர் அமர்ந்து, காணிக்கைக் கணக்கையும் ஒழுங்கு விசாரணையையும் பார்த்துக்கொண்டார்கள். அத்தியட்சர் ஆளுகைக்கு உட்பட்ட திருநெல்வேலியில், இப்படியாக, ஸ்காத்லாந்தார் முறையும் காங்கிரிகேஷனல் முறையும் பெயரின்றி நடைமுறையில் இருந்தன. அதுபோலவே மதுரையில் அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷனெரி தம் வட்டத்துச் சபைகள்மேல் செலுத்திய அதிகாரம், பெயர்தான் இல்லையே தவிர, அத்தியட்சர் அதிகாரத்துக்குக் குறைந்ததன்று. வேத முறைமை என்று அவரவர் நாட்டிலிருந்து கொண்டுவந்த மூன்றும் இந்த மண்ணில் கலந்துபோயின என்பதைச் சென்னைக்கும் லண்டனுக்கும் அறிக்கை எழுதியவர்கள் கவனித்ததாகத் தோன்றவில்லை. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கவனித்தார்கள்.

அவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில், கிராமக் குரு ஒருவரின் மகனாக 1874-இல் பிறந்து, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தை உண்டாக்கி, தோர்னக்கல் என்னும் தெலுங்கு நாட்டுப் பகுதிக்குத் தாமே மிஷனெரியாகப் போய், 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் இங்கிலாந்துத் திருச்சபை வழியான ஆங்கிலிக்கன் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர். மிஷன் சங்கங்கள் எல்லை பிரித்துக்கொண்டு வேலை செய்தபடியால், மதுரையில் பிறந்தவன் காங்கிரிகேஷனல், பாளையங்கோட்டையில் பிறந்தவன் ஆங்கிலிக்கன், நாகர்கோவிலில் பிறந்தவன் லண்டன் மிஷன் என்று பிறந்த ஊரே சபையைத் தீர்மானித்தது. பிழைப்பைத் தேடி ஊர் மாறியவன் அடுத்த ஜில்லாவில் நற்கருணைக்கு அந்நியனானான். இங்கிலாந்தின் உள்நாட்டுச் சண்டைகளுக்கு நாங்கள் ஏன் வாரிசாக வேண்டும் என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908-இல் ஒன்றாகி, தென்னிந்திய ஐக்கிய சபை என்று பெயர் பெற்றிருந்தார்கள். மிஞ்சி நின்றது அத்தியட்சர் என்னும் மதில்.

1919-ஆம் ஆண்டு மே மாதம் 1, 2 ஆகிய தேதிகளில், சீகன்பால்கு இறங்கிய அதே தரங்கம்பாடியில், ஆங்கிலிக்கன் குருமாரும் ஐக்கிய சபைப் போதகரும் கூடினார்கள். ஏறக்குறைய எல்லாரும் இந்தியர். உலக யுத்தம் ஓய்ந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. கிறிஸ்தவ தேசங்கள் என்று பெயர் பெற்றவை ஒன்றையொன்று கொன்று தீர்த்ததைப் பார்த்த கண்களோடு அவர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் நான் பெரிதாக மதிப்பது ஒரு நுட்பம். எந்த முறைமை வேதத்திலுள்ளது என்று அவர்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு விசுவாசியும் நேரே தேவனை அணுகும் உரிமையுள்ள முழுச் சபை என்பது ஒன்று. பிரதிநிதிகள் கூடி ஒழுங்குசெய்யும் சங்கம் என்பது ஒன்று. எல்லார் சார்பிலும் நின்று காரியத்தை நடத்தும் அத்தியட்சர் என்பது ஒன்று. மூன்றும் வேதத்திலுள்ள அம்சங்களே, ஐக்கியப்படும் சபையில் மூன்றுக்கும் இடம் உண்டு என்று அறிவித்தார்கள். அத்தியட்சர் பதவியை ஏற்பது பற்றியும், அது அரசனைப்போல் ஆளாமல் சட்ட வரம்புக்குள் நிற்கவேண்டும், அந்தப் பதவி இருப்பதை ஒப்புக்கொள்வதே போதும், அதைப் பற்றிய இந்தக் கொள்கை அந்தக் கொள்கை என்று யாரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்றார்கள். தீமோத்தேயுவின் தலைமேல் இருவர் கையும் பட்டன என்பதை இரண்டு நிருபங்களையும் சேர்த்து வாசித்தவர்கள் அவர்கள்தான்.

கருத்தொற்றுமை இரண்டு நாளில் வந்தது. காகிதத்தில் வர இருபத்தெட்டு ஆண்டு ஆயிற்று. 1920 முதல் கூட்டுக் கமிட்டி கூடியது. 1925-இல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். 1929-இல் திட்டம் அச்சில் வந்து, பலமுறை திருத்தப்பட்டது. முடிச்சு விழுந்த இடம் பழைய இடமே: அத்தியட்சர் கைபடாத போதகர்களை என்ன செய்வது? மீண்டும் பட்டம் கொடுத்தால் அவர்கள் முன்செய்த ஊழியமெல்லாம் செல்லாது என்று பொருள்படும். கொடாவிட்டால் ஆங்கிலிக்கன் மனச்சாட்சி உறுத்தும். அப்துல் மசீக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக்கூடாதென்று முடிவு செய்து, இருக்கிற குருமார் எல்லாரையும் அப்படியே ஏற்பது, ஐக்கியத்துக்குப் பின் வருகிறவர்களுக்கு மட்டும் அத்தியட்சர் (பேராயர்) கையால் பட்டம், மனச்சாட்சிக்கு விரோதமாக எந்தச் சபையின்மீதும் ஒரு குருவைச் சுமத்துவதில்லை என்ற வாக்குறுதி, முப்பது ஆண்டுக்குப் பின் மிச்சத்தை யோசிப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். வேதசாஸ்திரப் பண்டிதர்களுக்கு இது திருப்தியளிக்கவில்லை. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட், 1943-இல் இத்திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். ஆங்கிலிக்கன் பொதுச் சங்கம் 1945 ஜனவரியில் திட்டத்தை ஏற்று வாக்களித்தது. அந்த மாதத்தின் முதல் நாளில் அசரியா தோர்னக்கலில் காலமாகியிருந்தார்.

இந்தியா சுதந்திரம் பெற்று ஏறக்குறைய ஆறு வாரம் ஆனபோது, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. திருவிதாங்கூர்ப் பேராயர் சி. கே. ஜேக்கப் ஐக்கியத்தைப் பிரகடனம் செய்தார். சுமார் பத்து லட்சம் கிறிஸ்தவர்கள், பதினான்கு திருமண்டலங்கள். அன்றைக்கே புதிய பேராயர்கள் அபிஷேகம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஸ்காத்லாந்துச் சபையின் பிரஸ்பிட்டேரியரான லெஸ்லி நியூபிகின். அத்தியட்சர் என்ற பெயரையே இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன் தன் நாட்டிலிருந்து ஓட்டிய சபையின் குமாரர், முப்பத்தேழாம் வயதில் மதுரை - இராமநாதபுரம் பேராயரானார். காங்கிரிகேஷனல் மதுரைக்குப் பிரஸ்பிட்டேரியப் பேராயர்! மறு ஆண்டு கூடிய லாம்பெத் மாநாட்டில் உலகத்து ஆங்கிலிக்கன் அத்தியட்சர்களில் பெரும்பான்மையோர் புதிய சபையின் பட்டங்களை அங்கீகரிக்கலாமென்றும், சிறுபான்மையோர் இப்போது தீர்ப்புச் சொல்ல இயலாதென்றும் பிரிந்தார்கள்.

புதிய முறையில் பேராயர் மேலிருந்து நியமிக்கப்படுவதில்லை; திருமண்டலப் பேரவை வாக்களித்துப் பெயர்களைத் தெரிந்தெடுக்க, திருச்சபை முழுவதற்குமான சங்கமாகிய சினாடு அவர்களில் ஒருவரை நியமிக்கும். பேரவையில் குருமாரோடு சபையாரும் அமர்கிறார்கள். சபையார் தெரிந்தெடுப்பதும், சங்கம் ஆராய்வதும், பேராயர்கள் கைவைப்பதுமாக எருசலேமின் ஏழு பேர் காரியம் ஒருவகையில் திரும்பி வந்ததென்னலாம். வாக்கு வந்த இடத்துக்கு அதன் பின்னால் கட்சியும் சாதியும் நீதிமன்ற வழக்கும் வந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. எருசலேமில் முறுமுறுப்பு எழுந்ததும் மொழிவழிப் பிரிந்த இரண்டு வகுப்பாருக்கிடையேதான். உதவிக்காரர் ஊழியத்துக்கோ இன்னும் சரியான இடம் அமையவில்லை. குருவாகப் போகிறவர் சில காலம் தங்கிச் செல்லும் படியாகவே அது இருக்கிறது. பந்தி விசாரணைக்கென்றே ஏழு பேரை நிறுத்திய சபையை மாதிரியாகக் கொண்டவர்கள், அந்த ஊழியத்தைத்தான் எல்லாவற்றிலும் குறைவாகக் கவனித்தார்கள்.

1947-இல் ஐக்கியத்துக்கு இசையாமல், அத்தியட்சர் பரம்பரை குலையுமென்று அஞ்சி, பழைய ஆங்கிலிக்கன் ஒழுங்கிலேயே நின்றுவிட்ட பெரிய பகுதி ஒன்று ஆந்திர நாட்டில் இருந்தது. தோர்னக்கல் திருமண்டலத்தைச் சேர்ந்திருந்த நந்தியால் அது. அசரியாவின் சொந்தத் திருமண்டலத்திலேயே இந்த எதிர்ப்பு எழுந்தது. நெடுநாள் தனித்திருந்து, 1975-இல்தான் நந்தியால் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அத்திருச்சபை பெண்களுக்கும் குருப்பட்டம் வழங்கலாயிற்று. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளைப் பவுல் ரோமருக்கு மரியாதையோடு அறிமுகம் செய்திருந்தும், கைவைப்பு வழக்கில் எந்தக் கட்சியாரும் அவளைச் சாட்சிக்கு அழைத்ததில்லை. 2013 செப்டம்பர் 30-ஆம் தேதி, எக்கோனி புஷ்பலலிதா, தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவர் பேராயரானது நந்தியால் திருமண்டலத்துக்கு.